ஐந்தாவது பலகைக்கு ஒரு வாசகம்

அண்ணிக்கு ஷூ போட்டு நடந்து பழக்கமில்லை. மகள் வாங்கி அனுப்பிய சாம்பல் நிறக் கேன்வாஸ் ஜோடியை, பழைய எடைமேடையின் ஓரத்தில் உட்கார்ந்து மாட்டிக்கொண்டாள். கயிற்றை என்ன செய்வதென்று தெரியாமல், பார்சல் கட்டுவது போல ஒவ்வொரு காலிலும் மூன்று முடிச்சுப் போட்டாள்.

"இதைக் கழட்டணும்னா கத்திரிக்கோல்தான் வேணும் அண்ணி" என்றார் சின்னவர்.

"கழட்டும்போது பாத்துக்கலாம். நீ முன்னால நட."

சின்னவர் என்றதும் ஏதோ இளவட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். அறுபத்திரண்டு வயது, இரண்டு முழங்காலிலும் வலி, தலையில் எண்ணி முடித்துவிடக்கூடிய அளவுக்குத்தான் முடி. அண்ணன் தம்பி இருவரும் இந்தக் கல் குவாரியில் வேலை பார்த்த காலத்தில் ஒருவர் பெரியவர், ஒருவர் சின்னவர். பெரியவர் போய் இருபத்தாறு வருஷம் ஆகிவிட்டது. பெரியவர் இல்லாத இடத்தில் சின்னவர் என்ற பேருக்கு என்னதான் அர்த்தம்? ஆனாலும் பேர் ஒட்டிக்கொண்டால் ஒட்டிக்கொண்டதுதான்.

எடைமேடையில் கிளம்பி, பழைய விளைநிலங்கள் வழியாக ஏறி, கைவிடப்பட்ட மூன்று குவாரிகளைத் தொட்டுக்கொண்டு, மறுபடியும் எடைமேடைக்கே வந்து சேரும் ஆறு கிலோமீட்டர் வட்டப் பாதை அது. ஊராட்சிக்காரர்கள் இரண்டு வருஷமாக முள் வெட்டி, மஞ்சள் அம்புக்குறி அடித்து, சரித்திரம் சொல்லும் ஏழு பலகைகளையும் நட்டிருந்தார்கள். அடுத்த மாதம் திறப்பு. ஆறு பலகைகளில் தகடு ஏறிவிட்டது. பெரிய குவாரிக்குப் பக்கத்தில் நிற்கும் ஐந்தாவது பலகை மட்டும் வெறும் சட்டமாக நின்றது. அதில் என்ன எழுதப்போகிறார்கள் என்பதை ஒரு தாளில் அடித்து எடுத்துக்கொண்டு போன ஞாயிற்றுக்கிழமை ஊராட்சிக் குமாஸ்தா ஒருவன் அண்ணி வீட்டுக்கு வந்தான். நல்ல பையன். தண்ணீர் கொடுத்தால்கூட எழுந்து நின்று வாங்கிக்கொண்டான்.

தாளில் இருந்தது இவ்வளவுதான்: 'இக்குவாரியில் நிகழ்ந்த வெடி விபத்தில் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். பத்திரமாக வெளியேறிய அவர், மறந்துவிட்ட ஒரு பொருளை எடுப்பதற்காக விதியை மீறித் திரும்பச் சென்றதே இதற்குக் காரணம்.' அதற்குக் கீழே குடும்பத்தாரின் கையெழுத்துக்கு ஒரு கோடு.

"ஒரு தடவை நடந்து பாத்துட்டுக் கையெழுத்து போடுங்கம்மா. ஏதாவது மாத்தணும்னா இப்பவே சொல்லிடுங்க. தகட்டுல வெட்டினப்புறம் மாத்த முடியாது" என்றான் குமாஸ்தா.

பெரியவர் போன நாளிலிருந்து குவாரி இருக்கும் திசையில் தலை வைத்துக்கூடப் படுக்காத அண்ணி, யாரும் எதிர்பார்க்காதபடி, "நடந்து பாத்துட்டே போடறேன். தம்பி கூட வருவான்" என்று சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்த தம்பிக்குக் கையில் எடுத்த கவளம் வாய்க்குப் போகவில்லை. அந்தத் தாளில் இருந்த இரண்டாவது வாக்கியம் பொய் என்பது உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அந்த ஒருவர் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

குவாரியில் ஒரு நடைமுறை இருந்தது. வேலைக்கு இறங்கும் ஒவ்வொருவருக்கும் எண் போட்ட பித்தளை டோக்கன் உண்டு. குழிக்குள் இறங்கும்போது வாசலில் இருக்கும் ஆணிப்பலகையில் அதை மாட்ட வேண்டும். ஏறி வரும்போது கழற்றிப் பெட்டியில் போட வேண்டும். வெடி வைக்கும் முன் மேஸ்திரி பலகையைப் பார்ப்பார். ஓர் ஆணியிலும் டோக்கன் இல்லையென்றால் குழியில் ஆளில்லை என்று அர்த்தம். மூன்று விசில் ஊதிவிட்டுத் திரியைப் பற்றவைப்பார். அவரவர் டோக்கனை அவரவர்தான் தொட வேண்டும் என்று சிவப்புப் பெயின்ட்டில் எழுதியே வைத்திருந்தார்கள். யார் மதித்தார்கள்? அறுபது பேர் ஒரே நேரத்தில் அந்தப் பலகையில் போய் முட்டி மோதுவார்கள். முன்னால் வருகிறவன் தன் கூட்டாளியுடையதையும் சேர்த்துக் கழற்றிப் போடுவது சகஜம். பெரியவருக்கு முப்பத்தொன்று, சின்னவருக்கு முப்பத்திரண்டு, அடுத்தடுத்த ஆணி. பெரியவர் டிரில் கம்பிகளையெல்லாம் துடைத்து அடுக்கி வைத்துவிட்டுக் கடைசி ஆளாக ஆடி அசைந்துதான் வருவார். அதனால் இரண்டு டோக்கனையும் சின்னவரே பெட்டியில் போட்டுவிடுவார். ஐந்து வருஷம் தினமும் அப்படித்தான். பலகை காலியான பிறகும் வெடிக்கு எப்படியும் கால் மணி நேரம் ஆகும் என்பதால் யாருக்கும் எதுவும் ஆனதில்லை.

அன்றைக்கு மழை மிரட்டியது. வெடிமருந்து நனைந்துவிடும் என்ற அவசரத்தில் மேஸ்திரி பலகையைப் பார்த்த கையோடு விசிலை எடுத்துவிட்டார். சின்னவர் குழாயடியில் முகத்துக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார். கண்ணைத் திறக்க முடியவில்லை. பக்கத்தில் யாரோ நிற்பது தெரிந்தது. அண்ணன்தான் என்று நினைத்துக்கொண்டு, "அந்தத் துண்டை எடு" என்று கையை நீட்டினார். மூன்றாவது விசில் கேட்டது. துண்டைக் கையில் கொடுத்தது வேறு யாரோ.

விசாரணை இரண்டு நாள் நடந்தது. பலகையில் டோக்கன் இல்லை, பெட்டியில் இருக்கிறது, ஆகவே ஆள் வெளியே வந்திருக்கிறார், வந்தவர் எதற்கோ திரும்பிப் போயிருக்கிறார் என்று முடித்தார்கள். ஒருவனின் டோக்கனை இன்னொருவன் கழற்றியிருக்கலாமே என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருமே செய்த தப்பு அது, எல்லோர் வாயும் சேர்ந்தே அடைத்துக்கொண்டது. சின்னவர் முதல் நாள் பயத்தில் சொல்லவில்லை. இரண்டாம் நாள், முதல் நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று சொல்லவில்லை. அப்புறம் காரியம் முடியட்டும், குழந்தை பள்ளிக்கூடம் போகட்டும், அவள் கல்யாணம் ஆகட்டும் என்று தள்ளிப் போட்டுத் தள்ளிப் போட்டு இருபத்தாறு வருஷம் ஓடிவிட்டது. போனவர் எப்படிப் போனால் என்ன, போனவர் போனவர்தானே, சொல்லி அண்ணிக்கு என்ன ஆகப்போகிறது, நெஞ்சில் கிடக்கிற பாரம் என்னோடு போகட்டும் என்று ஒரு நியாயமும் வைத்திருந்தார். அந்த நியாயத்தின் பேரில்தான் ராத்திரி தூங்கினார். கல்யாணம் மட்டும் செய்துகொள்ளவில்லை. கேட்டவர்களிடம், "என்னை எந்தப் பொண்ணு சகிச்சுப்பா" என்று சிரித்து மழுப்பினார்.

முதல் பலகை மேட்டு நிலத்தின் தலையில் இருந்தது. அலையலையாக ஏறி இறங்கும் அந்த வரிகள் அறுநூறு வருஷத்துக்கு முன் உழுதவர்களின் ஏர் புரட்டிப் போட்டவை என்றும், அதன் பிறகு யாரும் அங்கே ஏர் ஓட்டாததால் அப்படியே நிற்கின்றன என்றும் எழுதியிருந்தது. புல் மூடிய வரிகளில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அண்ணி முழுவதையும் உதட்டை அசைத்துப் படித்தாள்.

"அறுநூறு வருஷமாம். நேத்து உழுத மாதிரி இருக்கு" என்றாள்.

"செத்தவன் வந்து இல்லைன்னா சொல்லப் போறான். இவங்க எழுதறதுதான்" என்றார் சின்னவர். சொன்ன பிறகுதான், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

இரண்டாவது பலகை கல் சுவர்களைப் பற்றியது. சாந்து பூசாமல் கல் மேல் கல்லை அடுக்கியே வயல்களைப் பிரித்திருந்தார்கள். சுவர் இடிந்த இடத்தில் ஒரு படிக்கட்டு மாதிரி வைத்திருந்தார்கள். அண்ணி அதில் ஏறும்போது சின்னவர் கையை நீட்டினார். அவள் பிடித்துக்கொண்டாள். இந்தக் கையை எத்தனை தடவை பிடித்திருக்கிறாள் என்று நினைத்தார். ஆஸ்பத்திரிப் படியில், பள்ளிக்கூட ஆண்டு விழாவில், மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய அன்று வாசலில். தம்பி இல்லாட்டி நான் என்ன பண்ணியிருப்பேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அதைக் கேட்கும்போதெல்லாம் அவருக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருக்கும். ஓடினதில்லை. போக வேறு வீடு ஏது?

மூன்றாவது பலகைக்கு வந்தபோது வெயில் ஏறிவிட்டது. அந்த இடத்தில் பாதை பாறை மேல் போகிறது. நூறு வருஷம் கல் வண்டிகள் இறங்கி இறங்கிப் பாறையிலேயே இரண்டு சக்கரத் தடம் விழுந்திருந்தது, ஒரு சாண் ஆழத்துக்கு. அண்ணி அந்தத் தடத்தின் ஓரத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். பையிலிருந்து அந்தத் தாளை எடுத்துப் பிரித்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"பொருள்னு போட்டிருக்காங்க. என்ன பொருள்னு போடலை. நல்லவேளை" என்றாள்.

சின்னவர் தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினார்.

"உங்கண்ணன் எதை எடுக்கத் திரும்பிப் போனாருன்னு உனக்குத் தெரியுமா தம்பி?"

"அதெல்லாம் எதுக்கு அண்ணி இப்ப."

"தெரியுமான்னு கேட்டேன்."

"தெரியாது."

"கேரியரை எடுக்க."

அவள் தாளைப் பார்த்துக்கொண்டே பேசினாள். அந்த வருஷத்தில் மட்டும் பெரியவர் மூன்று சாப்பாட்டுக் கேரியரைத் தொலைத்திருந்தார். குழிக்குள் நிழல் இருக்கும் இடமாகப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவார், மறந்து அங்கேயே வைத்துவிட்டு ஏறி வந்துவிடுவார், மறுநாள் போய்ப் பார்த்தால் கல்லுக்கடியில் நசுங்கிக் கிடக்கும். நாலாவது கேரியர் புதுசு. அன்றைக்குக் காலையில் அதைக் கையில் கொடுக்கும்போது அவளுக்கு ஏற்கெனவே வேறு எதிலோ எரிச்சல். என்ன எரிச்சல் என்பதுகூட இப்போது ஞாபகமில்லை.

"இதையும் விட்டுட்டு வந்தீங்கன்னா வாசல்லயே நின்னுக்கங்க, வீட்டுக்குள்ள வராதீங்கன்னு சொன்னேன். சிரிச்சுக்கிட்டேதான் போனாரு. மேல ஏறி வந்து டோக்கனைப் போட்டப்புறம் ஞாபகம் வந்திருக்கும். அவ கத்துவாளேன்னு இறங்கியிருப்பாரு. அவர் பக்கத்துலதானே கிடந்துச்சு அது. அந்த மேஸ்திரி என்கிட்ட கொண்டாந்து குடுத்தாரு. மூடி கூடத் திறந்துக்கலை."

அண்ணி அந்தக் காலத்தில் வாய்க்காரி. தெருமுனையில் அவள் குரல் கேட்டாலே காய்கறிக்காரன் விலையைக் குறைத்துவிடுவான். பெரியவர் போன பிறகு அந்தக் குரல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. மகள் பரீட்சையில் தோற்றபோதும் ஒரு சொல் அதட்டவில்லை. பக்கத்து வீட்டுக்காரன் சுவரைத் தள்ளிக் கட்டியபோதும் பேசாமல் இருந்துவிட்டாள். துக்கத்தில் அடங்கிவிட்டாள் என்று ஊர் சொன்னது, பக்குவம் வந்துவிட்டது என்று சொன்னது, சின்னவரும் அதையே நம்பியிருந்தார். கோபப்பட்டு ஒரு வார்த்தை சொன்னால் ஓர் ஆள் செத்துப்போவான் என்று இத்தனை வருஷமாக இவள் வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள். தன்னால்தான் அவர் போனார் என்று நினைத்துக்கொண்டே சின்னவருக்குச் சோறு போட்டிருக்கிறாள்.

"நீங்க ஏன் இதை யார்கிட்டயும் சொல்லலை?" என்று கேட்டார்.

"சொன்னா பொண்ணு என்னை எப்படிப் பாப்பா? நீ எப்படிப் பாத்திருப்பே?"

அவள் எழுந்து நடக்க ஆரம்பித்தாள்.

நாலாவது பலகை எதைப் பற்றியது என்று பிற்பாடு கேட்டிருந்தால் அவருக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. ஏதோ சுண்ணாம்புச் சூளை. அண்ணி நின்று படித்தாள், அவர் அவளுடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார். சொன்னால் என்ன ஆகும் என்பது அவருக்குத் துல்லியமாகத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைகள் போகும். சித்தப்பா சித்தப்பா என்று போனில் பத்து நிமிஷம் பேசும் பெண் போவாள். அவளுடைய குழந்தைகள் போவார்கள். இரண்டு தெரு தள்ளி ஒரு அறையில், கிழவன் ஒருத்தன் தனக்குத் தானே உலை வைத்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். சொல்லாவிட்டால் எதுவும் போகாது. அவள் கையெழுத்துப் போடுவாள், தகட்டில் வெட்டுவார்கள், நடக்க வருகிற முன்பின் தெரியாதவர்களெல்லாம் நின்று படித்துவிட்டு, பாவம், எதையோ எடுக்கப் போய் உயிரை விட்டிருக்கிறான் என்று சொல்லிக்கொண்டு போவார்கள். அவள் சாகும்வரை அந்தக் கேரியரைச் சுமப்பாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

அவருக்கு அழுகை வந்தது. அண்ணனுக்காக அல்ல, வெட்கத்தில்.

நாலாவது பலகையைத் தாண்டினால் பாதை பெரிய குவாரியின் கிழக்கு விளிம்போடு போகிறது. தண்ணீர் இறைத்த பம்பை நிறுத்திய பிறகு குழியில் தண்ணீர் ஏறி, அறுபது பேர் வேலை செய்த இடமெல்லாம் மூழ்கிப் பச்சையாகக் கிடந்தது. இடுப்பு உயரத்துக்குக் கம்பி வேலி போட்டிருந்தார்கள். வடக்கு முனையில் ஐந்தாவது பலகையின் வெறும் சட்டம். அங்கிருந்து பாதை வளைந்து, மேற்கு விளிம்போடு கீழே இறங்குகிறது. அண்ணி வேலியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தாள். எந்த இடம் என்று கேட்பாள் என்று அவர் நினைத்தார். கேட்கவில்லை. சட்டத்தின் குறுக்குக் கம்பி மேல் தாளை விரித்து வைத்து, காற்றில் பறக்காமல் இடது கையால் அழுத்திக்கொண்டு, பையில் பேனாவைத் தேடினாள்.

"போடாதீங்க அண்ணி."

"ஏன்?"

"அதுல எழுதியிருக்கறது தப்பு. அண்ணன் திரும்பிப் போகலை."

அவள் பேனாவை எடுத்துவிட்டாள். மூடியைக் கழற்றிக்கொண்டே, "மனசு கேக்கலைன்னு நீ எனக்காகச் சொல்லாதே" என்றாள்.

"அண்ணன் வெளியவே வரலை. அவர் டோக்கனை நான்தான் கழட்டிப் போட்டேன். தினமும் நான்தான் போடுவேன். அன்னைக்கும் போட்டுட்டு மூஞ்சி கழுவப் போயிட்டேன். அவர் உள்ளதான் இருந்தாரு. கம்பி துடைக்கற இடத்துலதான் உக்காந்து சாப்பிடுவாரு, கேரியரும் அங்கயே இருந்திருக்கும். அதை எடுக்க அவர் எங்கயும் போகலை. நான்தான்."

இருபத்தாறு வருஷமாக எத்தனையோ விதமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தது, சொன்னபோது இவ்வளவு சின்னதாக இருந்தது. குவாரிக்காரன் பெண்டாட்டிக்கு டோக்கன் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. தாளை அழுத்தியிருந்த அண்ணியின் கை எழுந்துவிட்டது. காற்று அதைத் தூக்கி வேலிக்கு அப்பால் கொண்டுபோனது, இருவரும் அதைப் பிடிக்கப் போகவில்லை.

"உனக்கு எப்போலேருந்து தெரியும்?" என்றாள். அசட்டுக் கேள்வி. கேட்டபிறகு அவளுக்கே அது தெரிந்தது.

"அண்ணி..."

"ஞாயித்துக்கிழமை தவறாம வந்து என் கையால சாப்பிட்டியே."

அவர் தலை குனிந்துகொண்டார். அடித்தால்கூடத் தேவலை என்று இருந்தது. அவள் அடிக்கவில்லை, அழவில்லை. முகத்தில் என்ன இருந்தது என்று பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

"நீ இப்படியே போ. நான் வந்த வழியே போறேன்" என்றாள்.

"அந்தப் பக்கம் இறக்கம் ஜாஸ்தி. முட்டி தாங்காது."

"என் முட்டியை நான் பாத்துக்கறேன்."

அவள் திரும்பிக் கிழக்கு விளிம்போடு நடந்தாள். பின்னால் போகக் காலெடுத்து வைத்தவர், நின்றுவிட்டார். கொஞ்ச நேரம் அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, வேறு வழியில்லாமல் மேற்கு விளிம்போடு நடக்க ஆரம்பித்தார். நடுவே தண்ணீர். இந்தக் கரையில் அவர், அந்தக் கரையில் அவள், இரண்டு பேரும் ஒரே திசையில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவள் எந்த இடத்தில் தடுமாறுகிறாள், எந்த இடத்தில் வேலியைப் பிடிக்கிறாள் என்று இங்கிருந்தே தெரிந்தது. அவள் ஒருமுறைகூட இந்தப் பக்கம் பார்க்கவில்லை. குழியின் பாதி நீளம் வந்திருப்பார்கள். அவள் நின்றாள். அவரும் நின்றார்.

அவள் வேலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"திரும்பிப் போகலைல்ல?"

தம்பி என்று கூப்பிடவில்லை. தண்ணீர் மேல் அந்தக் குரல் தெளிவாக வந்தது, பழைய குரல், தெருமுனை வரை கேட்கும் குரல்.

"போகலை" என்றார்.

"சத்தமா சொல்லு."

"போகலை அண்ணி."

வெட்டிய பாறைச் சுவரில் அது பட்டுத் திரும்பி வந்தது. அவளுக்குக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. ஒரு பறவை பாறை இடுக்கிலிருந்து எழும்பித் தண்ணீரைத் தாண்டிப் போயிற்று.

"கேக்கலை" என்றாள். "இன்னொரு தடவை சொல்லு."

சின்னவர் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு, இருக்கும் மூச்சையெல்லாம் சேர்த்துக் கத்தினார். அவள் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு நின்றாள். கீழே பச்சைத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. எதிரொலி அடங்கியது.

"இன்னொரு தடவை" என்றாள்.